முன்பெஞ்சுப் பரீட்சை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்.

நேத்து வகுப்புல சின்னதா ஒரு பரீட்சை வெச்சேன். கேள்விகளை முன்பெஞ்சு பக்கத்துல நின்னு, மெல்லிசான குரல்ல, ஒரே தடவை வாசிச்சேன். முன்பெஞ்சு நூத்துக்கு நூறு, பின்பெஞ்சு முட்டை.

"நாங்க கவனிச்சோம் சார், அது எங்க திறமை"ன்னாங்க முன்னாடி இருந்தவங்க.

"காதுல விழுந்தாத்தானே கவனிக்க முடியும்?"னு கேட்டேன்.

முன்பெஞ்சுல இருந்த கல்லூரி முதலாளியோட பொண்ணு, "அப்போ என் மார்க் என்னோடது இல்லையா?"ன்னு அழுதுடுச்சு.

நாளைக்கு முதலாளி வரச் சொல்லியிருக்கார். நீ பயப்படாதே, வேலையெல்லாம் போகாது. இங்க குளிர்தான் ஜாஸ்தி. உன் போர்வையை அனுப்பு. துவைக்காம அனுப்பு.

மணி அடிச்சாச்சு. அந்தப் பொண்ணு இன்னைக்குத் தானா போய்க் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. இதுக்கு அவங்கப்பாகிட்ட நான் என்னம்மா சொல்லுவேன்?

உன் மகன்