கண்ணாடிக்கு வெந்நீர்

டிசம்பர் 4, 1986

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. காலை ஆறரைக்கு விழுப்புரத்தை விட்டோம், திண்டிவனம் பள்ளிக்குப் போய்ச் சேர எட்டே கால். வழியில் மூன்று இடங்களில் என் வீட்டுக்காரர் காரை நிறுத்தி இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்தார். பின்சீட்டில் வழக்கம்போல மூன்று டீச்சர்கள். அம்சா மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னார்: "தண்ணி ஊத்தித் தொடச்சா இன்னும் மெழுகுது. லாரிப் புகை, பூச்சி, பனி எல்லாம் சேந்து எண்ணெ மாதிரி ஒட்டிக்கினு கீது. பச்சத் தண்ணிக்குப் போவாது. வெந்நி வேணும்."

நான் அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். வெப்பம் பரவும் மூன்று முறைகள் யாவை?

டிசம்பர் 7, ஞாயிறு

ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரில் கொஞ்சத்தை ஒரு செம்புக் குழாய் வழியாகத் திருப்ப வேண்டும். அந்தக் குழாய் சுருள் சுருளாக ஒரு டப்பாவுக்குள் போய்விட்டு மறுபடியும் இன்ஜினுக்கே திரும்பும். டப்பாவில் இருக்கும் நல்ல தண்ணீர் சூடாகும். ஒரு கைப்பம்பை அமுக்கினால் அது கண்ணாடியில் பீய்ச்சும்.

"நீதான் பிசிக்ஸ் ஆச்சே. எத்தினி சுத்து சுத்தணும்?"

பத்து போதும் என்றேன். பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் மகள் ஜெயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டு வருஷமாகவே பேசுவதில்லை. ஆனால் அந்தப் படமே அவளைப் பற்றியதுதான். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்த மார்கழியில் அவளுக்குப் பதினாறு. விடிவதற்குள் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். வளவனூர் தாண்டியதும் பனி. ஏழு தடவை இறங்கித் துடைத்தார். நான் பின்னால், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு. குடல்வால் வெடித்துவிட்டது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"கண்ணாடி மட்டும் தெளிவா இருந்திருந்தா." காரியம் முடிந்த அன்று இதைச் சொன்னார்.

நான் அழுதேனா? ஞாபகம் இல்லை. இப்போது வருவதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தெருமுனையில் அந்தோணிசாமியின் ஒர்க்‌ஷாப். பஸ் கம்பெனியில் இவர் ஃபோர்மேனாக இருந்தபோது அவரும் அங்கேதான் இருந்தார். டீ கொண்டுபோனேன். பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த செம்புக் குழாயை ஒரு மண்ணெண்ணெய் பாட்டிலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க டீச்சரம்மா, ஊர்ல அவனவன் காருக்குப் பெட்ரோல் ஊத்த முடியாம பேஜாரா கீறான். நம்ம சார் காருக்கு வெந்நி வெச்சிக்கினு கீறாரு. சீயக்காயும் அரச்சுக் குடுத்துடுங்க."

"வாய மூடிக்கினு குழாயப் புடி," என்றார் இவர். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

தண்ணீர் பீய்ச்சும் மூக்குக்கு என் பம்ப் ஸ்டவ்வின் நிப்பிளைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். அடைத்துக்கொண்டால் குத்த ஸ்டவ் பின்னும். டப்பாவிலிருந்து மூக்குக்குப் போவது குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 15

பிளாஸ்டிக் டப்பா உருகித் தொங்கிவிட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு

என் எவர்சில்வர் தூக்கைக் கேட்டார். கொடுத்தேன். மூடியில் ஓட்டை போட்டு, ஈயம் வைத்து அடைத்தார்கள். இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பம்பை அமுக்கினார். தண்ணீர் கண்ணாடிமேல் படாமல் கூரையைத் தாண்டிப்போய்ப் பின்னால் நின்ற அந்தோணிசாமியின் சட்டையில் விழுந்தது.

"வெந்நிதான் சார், வெந்நியேதான்!" என்று அவர் குதித்தார். "அப்பிடியே முதுகுப் பக்கமும் கொஞ்சம்."

தெருவில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவர் குழாய் மூக்கை வளைத்துச் சரிசெய்தார். பனிபட்ட கண்ணாடியில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும் என்றேன். அதற்காக நான்கு சுற்றைக் குறைத்தார். என் பேச்சை அவர் கேட்டது ரொம்ப நாளைக்குப் பிறகு.

டிசம்பர் 29

பள்ளி விடுமுறை. பார்த்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு விக்கிரவாண்டி வரை போனார். நல்ல பனி. கண்ணாடி முழுக்க மங்கல். பம்பை மூன்று முறை அமுக்கி வைப்பரைப் போட்டார்.

கழுவிவிட்டது. மூன்றே வீச்சில். புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டை, அதில் கறுப்பில் எழுதிய எண்கள், எல்லாம் தெரிந்தன. பனி இருந்தது, அதற்குள்ளே மரங்களும் இருந்தன. ஒவ்வொன்றாக எண்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

"இன்னும் போவலியே," என்றார். மறுபடி அமுக்கினார். மறுபடியும். தூக்கில் இருந்த தண்ணீர் எல்லாம் தீர்ந்தது. கழுத்தை நீட்டிக் கண்களைச் சுருக்கிக்கொண்டு, "மெழுகிக்கினே கீது பாரு. உனக்கும் அப்பிடித்தானே?" என்றார்.

"ஆமாம், இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

டிசம்பர் 30

தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்துக் கலக்கப்போகிறாராம்.

ஜனவரி 5, 1987

பள்ளி திறந்தது. விக்கிரவாண்டி தாண்டிக் கரும்பு வண்டி ஒன்று, முன்னால், நடு ரோட்டில். அரை பர்லாங்கு தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். கார் வேகம் குறையவில்லை. கத்தினேன். பிரேக் போட்டதில் அம்சா முன்சீட்டில் இடித்துக்கொண்டாள். கரும்பு பானெட்டை உரசக் கார் நின்றது.

வண்டிக்காரர் இறங்கி வந்தார். "இன்னாய்யா, கண்ணு பொடனியிலயா கீது? மாடு செத்திருந்தா நீ வந்து நொகத்தடியில நிப்பியா?"

"கண்ணாடி சரியில்லப்பா," என்றார் இவர்.

ஸ்டாஃப் ரூமில் அம்சா நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்குக் கண்ணத்தான் காட்டணும். எனக்கு ரெண்டு பசங்க. நாளைலேருந்து நான் ரயில்ல வர்றேன்."

ஜனவரி 6

மற்ற இருவரும் வரவில்லை. நான் மட்டும் காரில் போனேன்.

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். கண்ணாடி நன்றாக இருக்கிறது, உங்கள் கண்தான் சரியில்லை. ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கும் அதுதானா என்ற கேள்வி வரும். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடியைத் திட்டிக்கொண்டுதான் இந்த மனுஷன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அதையும் பிடுங்கிவிட்டால்?

பிடுங்காவிட்டால் யாராவது சாவார்கள். நானாக இருந்தால் பரவாயில்லை என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேனா?



போகி

காலை ஐந்தரை. தெரு முழுக்க டயர்ப் புகை, அதோடு பனி. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் ஓடிவந்தார். மகள் பூமாலைக்கு வலி எடுத்து வெகு நேரமாகிறது, குழந்தை திரும்பி இருக்கிறது, பாண்டிக்குக் கொண்டுபோ என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாராம். "சாரு, உங்க காலப் புடிச்சிக்கிறேன் சாரு, ஜல்தி வாங்க."

அவர் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு அது புரிந்தது. இந்தத் தடவை வெந்நீர் இருக்கிறது. பூமாலையைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அவர் சாவியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நீங்க ஓட்டக் கூடாது."

"இன்னா?"

"கண்ணாடியில ஒண்ணும் இல்லீங்க. எதிர்வீட்டு வாசல்ல கோலம் போட்டிருக்காங்க, பரங்கிப்பூ வெச்சிருக்காங்க. தெருவெளக்குல எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதா?"

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காருக்குள் பூமாலை கத்தினாள்.

"எந்த எடத்துல?" என்றார்.

சாவியை என் கையில் வைத்தார். நான் செருப்பில்லாமல் தெருமுனைக்கு ஓடி அந்தோணிசாமியை எழுப்பினேன். அவர் காரை ஓட்டிக்கொண்டு போன பிறகும் இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பொங்கல்

பூமாலைக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். வழியில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லையாம். நான் கேட்காமலே அந்தோணிசாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். இவர் உள்ளே இருந்தார். கேட்டிருக்கும்.

அடுப்பில் பால் பொங்கியதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜனவரி 24

பாண்டிச்சேரியில் கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை; வலது கண்ணில் முற்றிவிட்டது. எப்போதிலிருந்து என்று இவரே கேட்டார். "இரண்டு வருஷமா, மூணு வருஷமா? சரியாச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

ஜனவரி 30

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இருமக் கூடாது, குனியக் கூடாது. மல்லாந்து படுத்திருக்கிறார். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன். வாயைத் திறந்தார், மூடினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்தார்கள். அந்தோணிசாமி கார் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றார் இவர். ஜன்னலோரம் எனக்கு. அவர் வலது கண்ணில் பச்சைத் துணி.

பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு, "அன்னிக்கு நீ பின்னாடிதானே உக்காந்திருந்த?" என்றார்.

"ஆமாம்."

கண்ணாடி எப்படி இருந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று தயாராகவும் இருந்தேன். எனக்குத் தெரியாது, நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை.

அவர் அதைக் கேட்கவில்லை.

"நான் அந்தக் கண்ணாடியவே பாத்துக்கினு இருந்துட்டேன்," என்றார். "ஒரு தடவகூடத் திரும்பல. ஜெயம் மொகம் எப்பிடி இருந்துச்சி?"

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். விழுப்புரம் ரெண்டு என்றேன். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். வழியில் தண்ணீர் கேட்டது, டவல் முனையை நனைத்து உதட்டில் வைத்தது, நடுவில் ஒரு தடவை சிரித்தது, "அப்பா ஏன் இறங்கி இறங்கி ஏறுறாரு" என்று கேட்டது. வளவனூர் வந்தது, போனது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.