வாசல் கேமராவைக் கழட்டாத

தைபே, ஞாயிறு

நைனா,

அங்க எல்லாரும் நல்லா கீறீங்களா? எர்ணாவூர் பொகைக்கு அம்மா இருமல் கொறஞ்சுதா? இப்ப ஊருக்கு வர முடியாதுன்னு போன்ல சொன்னா அம்மா அழும்னுதான் இத்த எழுதறேன்.

ஹார்பர் கேட்ல லாரிக்கு இந்த யார்டு மட்டுந்தான்னு பாஸ் குடுப்பியே, கம்ப்யூட்டருக்கு உள்ள எல்லாத்தையும் நடத்துற கெர்னல்ல என் வேலையும் அதான். நெட்வொர்க் கார்டு வெளிய இருந்து வர்ற தகவல எழுதறதுக்கு மெமரியில கொஞ்சம் எடம் தொறந்து வுடணும், எழுதி முடிச்சதும் மூடணும். போன வாரம் அது எழுதிகினு இருக்கும்போதே மூடிட்டேன். மெஷின் அப்படியே நின்னுடுச்சு. சிரிச்சிட்டு வுடு.

ஆனா அது சரியாகுற வரைக்கும் லீவு கெடையாதாம். பாண்டு போட்டுகீறதால வேலைய வுட்டுட்டும் வர முடியாது.

மேனேஜர் கூப்புடறாரு. ஒண்ணே ஒண்ணு. நம்ம வாசல் கேமரா செவுத்தத்தான் காட்டுது, கழட்டிடலாம்னு அம்மா சொல்லுச்சு. இங்கேருந்து போன்ல பாத்தா ஓரத்துல அம்மா செருப்பு தெரியுது. மூடிடாத நைனா, நான் இன்னும் பாத்துகினுதான் கீறேன்.

செங்குட்டுவன்