உதுமான் அடுக்களை அரபி

4.2.1965
இன்று என் அரபி வகுப்பில் ஆறே பேர். போன மாதம் பத்தொன்பது. மற்றவர்கள் எங்கே என்று கேட்கவே வேண்டாம், உதுமான் அடுக்களையில் வெங்காயம் நறுக்குகிறார்கள். ஏடனில் ஒரு அரபி வீட்டில் சமையல் செய்தவன் இப்போது சிதம்பரத்தில் அரபி வாத்தியார்! எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. நான் ஏழு வருடம் மதரசாவில் ஓதி ஆலிம் பட்டம் வாங்கியவன்.

9.2.1965
அவன் வீட்டு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பார்க்கத்தான் போனேன், இதில் ஒளிப்பானேன்?

"கத்தி வேணுமா? அரபியில கேளு, தரேன்" என்கிறான். கேட்டால்தான் கத்தி, கேட்டால்தான் உப்பு. ஒரே சிரிப்பு. என் வகுப்பில் யாராவது சிரித்திருக்கிறார்களா? வயிறு எரிகிறது.

10.2.1965
என் மனைவியின் தம்பி ஜக்கரியாவும் கேட்டுவிட்டான். குவைத் வியாபாரி ஒருவர் மார்ச்சில் கடலூர் வருகிறார், கடைவேலைக்கு ஆள் எடுக்க.

"அரபி பேச வந்தாதான் எடுப்பாங்களாம், மச்சான். உதுமான்கிட்ட போவட்டுமா?"

"போனீன்னா இந்த வூட்டுப் படி ஏறாத!"

பாவம், உட்கார்ந்து வினைச்சொல் வாய்பாட்டை ஒப்பிக்கிறான். இரண்டு வருடமாக அதைத்தான் ஒப்பிக்கிறான்.

21.2.1965
கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்கு அரபு மாலுமிகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஜக்கரியாவையும் இழுத்துக்கொண்டு போனேன். என் அரபியை அவன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். எந்த ஊர், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று இருவரிடம் விசாரித்தேன். ஓர் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் எனக்கு அரபி என்றாலே ஓதுகிற ராகத்தில்தான் வரும். அவர்கள் தலையைக் குனிந்து, கையேந்தி நின்று, நான் முடித்ததும் "ஆமீன்" என்றார்கள். துஆ ஓதிப் பிரார்த்திக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள் — யா அல்லாஹ்!

ஜக்கரியா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

22.2.1965
எழுத ஒன்றுமில்லை.

24.2.1965
நானே ஜக்கரியாவை உதுமான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். "வாங்க ஹஜ்ரத்" என்று உதுமான் எழுந்து நின்றான். மரியாதை வேறு! அதுதான் இன்னும் எரிந்தது. "இவன சேத்துக்க" என்றேன். திரும்பியிருக்க வேண்டியதுதானே? வாசலிலேயே நின்றேன். அரைமணி ஆகவில்லை, உதுமான் ஏதோ கேட்க, ஜக்கரியா அரபியில் பதில் சொன்னான். தப்பும் தவறுமாக. ஆனால் சொன்னான்.

18.4.1965
ஜக்கரியாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பம்பாய் போய்க் கப்பலேற இன்று ரயில். சிதம்பரம் ஸ்டேஷனில் உதுமானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுத்தான். பெட்டியை நான்தான் ஏற்றிவைத்தேன்.