சத்தமே வராத கார்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்க சுகம்னு எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கணும், எழுதிட்டேன், மீதியைப் படிச்சுட்டு நீயே முடிவு பண்ணிக்கோ. நீயும் உன் பேட்டரிகளும் நலம்தானே? அம்மா போன்ல ரெண்டு நிமிஷம்கூடப் பேச மாட்டேங்கறா, லீவுக்கு வராத கோபமான்னு கேட்டிருந்தே. சரி சரி உடம்பைப் பார்த்துக்கோன்னு சொல்லி வெச்சுடறா, வாஸ்தவம்தான். கோபம்னுதான் நானும் நெனச்சேன்.

நீ நச்சரிச்சு நச்சரிச்சு பழைய டீசல் காரை விக்க வெச்சு, உங்க கம்பெனி பேட்டரி போட்ட காரை எங்க தலையில கட்டினியே, அந்தக் கதையைக் கேளு. எடை குறையணும்னு பாடியில இரும்பையே குறைச்சுட்டீங்களாமே, நம்ம மெக்கானிக் பானெட்டைத் தட்டிப் பார்த்துட்டு இது காரா டிபன் பாக்ஸான்னு சிரிக்கிறான். பேட்டரி சூடேறாம இருக்க உள்ளே என்னமோ புதுசா பூசறியாமே, ஒரு டப்பா அனுப்பு, என் மண்டைக்கும் பூசிக்கறேன். பழைய வண்டி தெருமுனை திரும்பும்போதே உங்கம்மா வந்து கேட்டைத் திறந்துடுவா. இப்ப ஹாரன் அடிச்சு அடிச்சு கை வலிச்சு நானே இறங்கித் திறக்கறேன். கேட்டா, வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே, ஹாரனும் அப்படித்தான் வெச்சிருக்காங்கன்னு என் மேலேயே பாயறா. நானும் ஒரு மேதாவி, ஷோரூமுக்குப் போய் சண்டை போட்டு ஹாரனை மாத்திட்டு வந்தேன். தெருநாய் எல்லாம் எழுந்து ஓடுது, உங்கம்மா மட்டும் வரலை.

போன வாரம் ரெண்டு பேரும் கடைக்கு நடந்து போனோம். பின்னாடி ஒரு ஓட்டை டீசல் லாரி, எஞ்சின் தடதடன்னு அதிருது, டிரைவர் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கலை, இவ பாட்டுக்கு நடுரோட்டுல போறா. கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தேன். அவ லாரியை நிமிர்ந்து பார்த்துட்டு, முகமெல்லாம் பூரிச்சு, ஏங்க நம்ம பையன் பேட்டரியை லாரிக்கும் போட்டுட்டாங்களான்னு கேட்கறா.

கோபம் இல்லடா, நீ பேசறது அவளுக்குக் கேட்கலை. டாக்டர்கிட்ட வான்னா, என் காதுக்கு என்ன கேடு, எம்புள்ளை ஊரையே அமைதியாக்கிட்டான்னு பெருமை பேசறா. நான் சொன்னா எடுபடாது, நீ சொன்னா கேட்பா, ஆனா போன்ல சொல்லி என்ன பிரயோஜனம்? உன் பேட்டரி நாலு நாள் சூடேறினா ஏறட்டும், கிளம்பி வா, எதிர்ல உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நோய் நொடி இல்லாம நீ நூறு வருஷம் நல்லா இரு. நான் எழுதினது அவளுக்குத் தெரிய வேண்டாம். உன் குரல் எப்படி இருக்கும்னு அவ மறக்கறதுக்குள்ளே வந்துடு.

இப்படிக்கு,
கேட்டைத் தானே திறந்துக்கற உன் அப்பா