இரண்டு பக்கமும் ஒரே வளைவு

மகள் நஸ்ஹா,

மர்ளியாவின் வேலை போனதற்குக் காரணம் நீ வரைந்த லென்ஸ்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸலாம் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே சுகம், வாப்பாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாய் இருக்கத் துஆச் செய்கிறேன்.

உன் கம்பனி அனுப்பிய புது லென்ஸைத்தான் இப்போது ஆலங்குடா வேலைத்தளத்தில் மீனவர்கள் இரவில் தலையில் கட்டுகிற டோர்ச்சுகளுக்கு நாங்கள் பூட்டுகிறோம். முந்தினதில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாய்ப் புடைத்திருக்கும், அது உள்ளே போகவேண்டும் என்று வரைந்திருந்தாய். மீன் கண்ணைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்குப் புடைத்த பக்கம் வெளியே இருப்பதுதான் சரியென்று பட்டது, எல்லோரும் அப்படித்தான் பூட்டினோம். வெளிச்சம் சிதறுது என்று கடலுக்குப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்ததும் முதலாளி எங்களோடு பூட்டின மர்ளியாவை மட்டும்தான் பிடித்தார். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு முகாமில் பிறந்த பிள்ளை, அவளுக்காகக் கதைக்க யார் இருக்கிறார்கள், அகதிக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி அனுப்பினார்.

நான் போனில் ஏசியும் நீ கோபிக்கவில்லை மகள். இரண்டு பக்கத்தையும் ஒரே வளைவாக்கினாய், இனி எப்படி வைத்தாலும் சரி. வெளிச்சம் கொஞ்சம் குறையுமே என்று உன் கம்பனிப் பெரியவர்கள் மறுத்தபோது, பாதி பிழையாகிப்போகிற திறமான லென்ஸைவிட எல்லாமே சரிவருகிற சுமாரான லென்ஸ் மேல் என்று வாதாடினாயாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சு என்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. முந்தின டோர்ச் மீனுக்கு வழி காட்டிச்சு, இதுதான் எனக்கு வலையைக் காட்டுது என்று கற்பிட்டி அருளப்பு அண்ணன் சிரிக்கிறார். அவர் அதைச் சொன்ன அன்றைக்கு லுஹர் தொழுகையில் உன்னைத் தந்தவனுக்கு நன்றி சொல்லிக் கொஞ்சம் கூடுதல் நேரம் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதிலேயே இருந்துவிட்டேன்.

ஆனால் மர்ளியா இப்போது உப்பளத்தில் கால் வெடித்து நிற்கிறாள். அவளைத் திருப்பி எடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவள் போனபிறகு ஒரு டோர்ச்சும் பழுதாகி வரவில்லையே, பார்த்தீர்களா என்கிறார். நீ திருத்தினது அவள் பிழைக்குச் சாட்சியாகிவிட்டது.

வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. உன் கண்ணிலும் கையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

உன் உம்மா,
ஸபீனா

பிழை வரைபடத்தில் இருந்தது, மர்ளியாவின் கையில் இல்லை என்று கம்பனி பெயரில் முதலாளிக்கு எழுது. போனில் கேட்டபோதெல்லாம் அங்கே பனி பெய்வதைப் பற்றிக் கதைத்தாய். எழுதுவாயா, மாட்டாயா?