பொய்க்காரணம் சொல்லி இட்ட முடிவோலை

நலம் நிலைக்க. மழை பொய்யாச் செம்பொறைத் தேயத்துப் பெருமன்றத் தலைவர், கூற்றத்தார் அனைவரும் எழுந்து நின்று வணங்கும் ஆதன் பெருந்தேவனார், கரைமேட்டுக் கூற்றத்து நாட்டாருக்கு விடுக்கும் ஓலை. உங்கள் ஏரிகள் நிறைக. உங்கள் வாயிலுக்கு வந்தவர் பசியோடு திரும்பாதிருப்பாராக.

நம் தேயத்தில் அரசுரிமை பிறப்பால் வருவதன்று. கூற்றத்தார் தத்தம் உறுப்பினரைத் தெரிந்து அனுப்ப, அவ்வுறுப்பினர் மன்றத்தில் கூடி ஓலையிட்டு நாடாள்வாரைத் தெரிந்தெடுக்கின்றனர். இருபக்கமும் ஓலை சமமாய் விழுந்தால் மட்டுமே தலைவர் தம் முடிவோலையை இடலாம். இடும்போது காரணத்தை அவையறியச் சொல்ல வேண்டும். அக்காரணம் பொய்யெனில் அவ்வோலை செல்லாது.

சென்ற வளர்பிறையில் உங்கள் உறுப்பினர் எயினிக்கும் கடற்றுறைக் கூற்றத்துக் கோடன் வளவனுக்கும் ஓலை சமமாய் விழுந்தது. எயினி தலைவரின் மகள். அவளுக்கு இட்டால் ஊர் என்ன பேசுமோ என்ற அச்சம் பெருந்தேவனாரைப் பிடித்தாட்டியது. அவளே தக்கவள் என்று நெஞ்சறிந்தும் வளவனுக்கு இட்டார். காரணம் கேட்டபோது, எயினிக்கு ஆற்று மதகுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

ஆற்று வெள்ளத்துக்கு அசையாமல் நிற்கும் புது மதகுகள் பெருந்தேவனாரின் திறம் என்றுதானே நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்? அவற்றை வகுத்தவள் எயினி. பெயரைத் தந்தையார் எடுத்துக்கொண்டார்.

அவள் அவையிலேயே இருந்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் தந்தையின் மானம் கப்பலேறியிருக்கும். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு உறுப்பினர் பொறுப்பைத் துறப்பதாக உங்களுக்கு அறிவித்துவிட்டுச் சிற்றன்னை வீடு போய்ச் சேர்ந்தாள். மன்றமோ பெருந்தேவனாரை நடுநிலை தவறாதவர் என்று வாயாரப் புகழ்ந்தது. அந்தப் புகழ் அன்று இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியார் பரிமாறுகிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெற்ற மகளுக்கே வஞ்சகம் செய்த பாவி என்று தம்மைத் தாமே ஏசிக்கொள்கிறார், பாவம். ஆனால் ஏசிக்கொள்வதால் ஆவதென்ன?

ஆகவே ஆணையாவது: அம்முடிவோலை செல்லாது. வரும் முழுநிலவன்று வேறொரு தலைவரின்கீழ் மன்றம் கூடி மீண்டும் ஓலையிடும். அதுவரை வளவன் அரியணை ஏறலாகாது. எயினி உறுப்பினர் பொறுப்பைத் துறந்ததை நீங்கள் ஏற்கலாகாது. அவள் வர மறுத்தால் வற்புறுத்தற்க. வந்தால், பொய்யுரைத்த தலைவர் வாயிற்காவலனாய் நிற்க வேண்டும் என்ற முறைப்படி பெருந்தேவனார் மன்ற வாயிலில் நின்று, மதகுகளை வகுத்தவள் இவளே, தாம் அல்லர் என்று உரக்கக் கூவி அவளை உள்ளே அழைப்பார். அவரை ஏறிட்டும் பாராமல் அவள் கடந்து போனாலும் அது நியாயமே.

இது பெருமன்றத் தலைவர் ஆணை. இவ்வோலையில் இலச்சினையிட்ட கையோடு அந்த முத்திரையை என் கண்ணெதிரே கல்லில் வைத்து உடைத்துவிட்டார். இனி இவர் பெயரால் எந்த ஆணை வந்தாலும் ஏற்கலாகாது.

இப்படிக்கு, அவர் சொல்லச் சொல்ல எழுதிய மன்றத்து ஓலைக்காரன் சாத்தன் பொறையன்.