பவுடர் டப்பாவில் ஒரு பல்லேடியத் தகடு

அடியே, ஆய்வுக்கூடத்தில் உன் மேசையை இன்று புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னதும் நான்தான் போனேன். ஒரு சீப்பு, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய், அப்புறம் ஒரு பழைய பவுடர் டப்பா. திறந்தால், நாம் முதன்முதலாகப் பாழாக்கிய பல்லேடியத் தகடு. வெயிலில் மறந்துவிட்ட அப்பளம்போல நெளிந்து, நடுவில் வெடிப்போடு கிடந்தது. இதைப் போய் யாராவது பத்திரப்படுத்துவார்களா? நீ செய்வாய்.

நம் வேலையே அந்தத் தகடுதான். அதைச் சூடாக்கி ஒரு பக்கம் கலப்பு வாயுவை விட்டால், ஹைட்ரஜன் மட்டும் உலோகத்துக்குள் புகுந்து மறுபக்கம் சுத்தமாக வரும். மற்றதெல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிடும். "தங்கமாடி?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "தங்கத்தாட்டம் வெலதாம்மா, ஆனா கழுத்துல மாட்ட முடியாது" என்றாய்.

அன்று வீட்டுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்கும் அவசரம். நைட்ரஜனைச் செலுத்தி உள்ளே இருந்த ஹைட்ரஜனை வெளியேற்றாமலே ஃபர்னஸை அணைத்துவிட்டு ஓடினோம். ஹைட்ரஜனை உள்ளே வைத்துக்கொண்டு ஆறினால் பல்லேடியம் உப்பி, நெளிந்து, வெடித்துப்போகும். படித்திருந்தோம்தான். ரயில் என்றதும் படித்ததெல்லாம் காற்றில் பறந்துபோனது. பிறகு வெள்ளி கலந்த தகடு வந்தது. அது கொஞ்சம் பொறுமைசாலி. ஆனாலும் உள்ளதை வெளியேற்றாமல் நீ சூட்டைக் குறைக்க விட்டதே இல்லை. அதற்காக எத்தனை ரயிலைக் கோட்டை விட்டோம்!

நம் சண்டைகளுக்கும் நீ அதே சட்டம்தான் போட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் சும்மா விடமாட்டாய். "இன்னாடி கோவம்? உள்ளயே வெச்சிகினு ஆறிப்போவாத, ஒடஞ்சிடுவ. பங்காரப்பேட்டை வர்றதுக்குள்ள சொல்லு." கொட்டித் தீர்த்துவிடுவேன். உன் நோயையும் நீ ரயிலில்தான் சொன்னாய், சுற்றி வளைக்காமல்.

நீ போனபின் எனக்கு அந்தச் சட்டம் மறந்தேபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். தண்ணீர் வந்ததா, மாத்திரை போட்டீர்களா என்று பேசிக்கொண்டிருப்போம். உன் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. எடுத்தால் அவர் தாங்கமாட்டார் என்று பயம். அவரோ வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தார். தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கும். அவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்கு நடுக்கம்தான்.

இன்று ரயிலைவிட்டு இறங்கி நேரே உன் வீட்டுக்குப் போனேன். டப்பாவை அம்மா கையில் வைத்தேன்.

"இன்னா கண்ணு இது?"

தகட்டின் கதை முழுவதையும் சொன்னேன். "அவ இல்லாம வேலைக்குப் போவவே புடிக்கலம்மா" என்று அவர் மடியில் விழுந்து அழுதேன்.

அவரும் அழுதார். "எனக்கும் சோறு எறங்கல கண்ணு. அவளப் பத்தி ஒங்கிட்ட கேக்கணும்னு எத்தினி நாளு நெனச்சிகினு இருந்தேன். கேட்டா நீ அழுவியேன்னு கம்முனு இருந்துட்டேன்."

நாங்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிய லட்சணத்தைப் பார்த்தாயா? நீ இருந்திருந்தால் இருவர் தலையிலும் குட்டியிருப்பாய்.

அழுது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வெல சாமான ஒடச்சிட்டு ஓடனீங்களே, அன்னிக்கு ரயிலாச்சும் கெடச்சிதா?"

"கெடச்சிதும்மா. ஓடிப்போயி ஜன்னல் சீட்டையும் அவளே புடிச்சிகினா."

சிரித்தார். உன் சிரிப்பு அவரிடமிருந்து வந்தது என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். "இரு, சோறு போட்டுகினு வரேன். மிச்சத்த சாப்ட்டுகினே சொல்லு" என்று எழுந்து போய், இரண்டு தட்டு எடுத்து வந்தார்.

தகட்டை அவரிடமே விட்டு வந்தேன். உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. நாளைக்கும் போவேன்.